முகர்ந்து சொன்னவள்

செத்த எலி. இல்லை, எலிகூட இவ்வளவு மோசமில்லை. எலி செத்துக் கிடக்கிற பரணில் யாரோ தலைமுடியைக் கொளுத்திப் போட்டு, அதன்மேல் சாக்கடைத் தண்ணீரைத் தெளித்த மாதிரி இருக்கிறது. இதை வாய்க்குள் விட்டுக்கொண்டு சிரிக்கவும் வேண்டும். விழுங்கு, தேனம்மை. விழுங்கித் தொலை.

தேனம்மை விழுங்கினாள். எதிர் நாற்காலியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார் அழகப்பன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவர் காபி போடுவது இது ஐந்தாறாவது தடவை இருக்கும்.

"எப்படி இருக்கு?"

"கும்முனு இருக்கு" என்றாள்.

அந்தச் சொல் வாயைவிட்டு வெளியே வந்ததும்தான் அவளுக்கு உண்மையில் குமட்டியது. காபியால் அல்ல. டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய் மிச்சத்தை வாழைக்கு அடியில் ஊற்றினாள். வாழை மரத்தின் ஈரமும் நாறியது. தன் கையை மோந்து பார்த்தாள். அதுவும் நாறியது.

காரைக்குடியில் கல்யாணப் பலகாரம் என்று பேச்செடுத்தால் தேனம்மை பெயர் வராமல் இருக்காது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்துவிடும் தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை எல்லாம் அவள் வீட்டு இரண்டாங்கட்டில் நாலைந்து பெண்களை வைத்துச் செய்து, டப்பா டப்பாவாகப் போகும். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. செய்த பலகாரத்தில் பிள்ளையாருக்கு ஒரு கிண்ணம் எடுத்து வைத்தபின் டப்பாவின் வாயைத் துணியால் கட்டிவிடுவார்கள். மாப்பிள்ளை வீட்டில் பரப்பி வைத்துத் திறக்கிறவரை, செய்தவர்கள் ஒரு துணுக்குக்கூட வாயில் போடக் கூடாது. வாய் பட்டால் எச்சில். ஆகவே உப்பும் பதமும் பாகும் எல்லாம் மூக்கால்தான். தேனம்மை சட்டிமேல் குனிந்து, கண்ணை மூடி, ஒரு மூச்சு இழுத்து, "ம், எடு" என்பாள். அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. அந்த ஒரு மூச்சுக்காகத்தான் தேவகோட்டையிலிருந்தும் ஆள் தேடி வந்தார்கள்.

போன வருஷம் ஆடியில் தெருவே படுத்த காய்ச்சலில் அவளும் படுத்தாள். பத்து நாளில் எழுந்தாள். மூக்கு எழுந்திருக்கவில்லை. மல்லிகை, சாம்பிராணி, கடுகு வெடிக்கும் வாசனை, ஒன்றும் இல்லை. உலகத்துக்கே மூடி போட்ட மாதிரி இருந்தது.

சொல்லியிருக்கலாம். கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்கிறார்கள், காது மந்தமானால் சத்தமாகப் பேசச் சொல்கிறார்கள். அதற்கெல்லாம் யாரும் வெட்கப்படுவதில்லை. தேனம்மைக்கு வெட்கமாக இருந்தது. படிப்பு இல்லை, பெரிய அழகு இல்லை, நாலு பேர் மத்தியில் பேசவும் வராது. இருந்தது அந்த மூக்கு ஒன்றுதான் என்று அவள் நினைத்திருந்தாள். அதுவும் போய்விட்டது என்று சொன்னால் தன்னை யார் என்று கேட்பார்கள்? அதனால் முன்பு போலவே குனிந்தாள், கண்ணை மூடினாள், வெறுங்காற்றை இழுத்தாள், "ம், எடு" என்றாள். நிறத்தை வைத்தும் எண்ணெயின் சத்தத்தை வைத்தும் ஒப்பேற்றினாள். ஐந்து மாதம் ஒரு குறையும் வரவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை எண்ணிக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டாள்.

தை மாதம் உமையாள் ஆச்சியின் மூத்த மகளுக்குக் கல்யாணம் வந்தது. நாற்பது டப்பா மாவுருண்டை. வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவும் சர்க்கரையும் தாம்பாளத்தில் குவிந்திருந்தன. நெய்யைச் சூடாக்கி ஊற்றிப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. வேடிக்கை பார்க்க வந்த உமையாள் ஆச்சியின் நாத்தனார் சீதை ஆச்சி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நெய் டின்னின் மூடியைத் திறந்த வள்ளிக்கண்ணு முகத்தைச் சுளித்தாள்.

வள்ளிக்கண்ணு கல்லலிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள். பதினோரு வருஷமாகத் தேனம்மையிடம் வேலை.

"ஆச்சி, நெய்யில சிக்கு வாடை அடிக்குது. இதை ஊத்த வேணாம்."

சீதை ஆச்சி திரும்பிப் பார்த்தார். மற்ற பெண்களும் பார்த்தார்கள். தேனம்மை எழுந்து வந்து டின்மேல் குனிந்தாள். கண்ணை மூடினாள். நெஞ்சு நிறைய இழுத்தாள். ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாததன் நடுவே நின்றுகொண்டு, புன்னகையோடு நிமிர்ந்தாள்.

"கும்முனு இருக்கு. உனக்குத்தான் சளி பிடிச்சிருக்கு. எனக்கே மூக்கு கத்துக்குடுக்க வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். வள்ளிக்கண்ணு டின்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் நெய்யை அடுப்பில் வைத்தாள்.

மாப்பிள்ளை வீட்டில் சபை நடுவே டப்பாவைத் திறந்தபோது முதல் உருண்டையை வாயில் போட்ட பெரியவர் அதைத் துண்டில் துப்பினாராம். குழந்தைகள் வாந்தி எடுத்தன. மறுநாள் காலை உமையாள் ஆச்சி போனில் கத்திக்கொண்டிருக்கும்போதே தேனம்மையின் வாய் தானாகச் சொன்னது: "நான் பாக்கலை ஆச்சி. நான் மோந்து குடுத்த நெய்யை வச்சிட்டு, அந்த வள்ளிக்கண்ணுதான் பழைய நெய்யை எடுத்து ஊத்திட்டா."

யோசித்துச் சொல்லவில்லை. யோசிக்காமலே இவ்வளவு சுத்தமாக ஒரு பொய் வந்ததே, அது எங்கே இருந்தது இத்தனை நாள் என்பதுதான் இப்போதெல்லாம் அவள் கேட்டுக்கொள்கிற கேள்வி. வள்ளிக்கண்ணுவிடம் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று போனிலேயே சொன்னாள். அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததைத் தேனம்மை தனக்கு வசதியாக எடுத்துக்கொண்டாள். ஊரில் பலகாரம் செய்கிற வேறு எந்த வீட்டிலும் வள்ளிக்கண்ணுவுக்கு வேலை கிடைக்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டாள்.

வைகாசியில் மூக்கு திரும்பியது. ஆனால் திருகிக்கொண்டு திரும்பியது. வெங்காயம் வதக்கினால் புண் அழுகிய வாடை. பல் விளக்கும் பேஸ்ட் மலவாடை. கணவர் தோளில் போட்டிருக்கும் துண்டு, கோயில் விபூதி, புதுப் புடவை, எதுவும் தப்பவில்லை. கோவிலூர் கோயிலுக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு டாக்டரிடம் போனாள். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "நரம்பு திரும்ப முளைக்குதும்மா. முளைக்கிறப்ப இப்படித் தப்புத் தப்பாத்தான் சேதி சொல்லும். தினம் கிராம்பு, எலுமிச்சை, யூகலிப்டஸ் தைலம், ரோஜாப்பூ நாலையும் மோந்து பழகுங்க. நாறுதேன்னு விட்டுடாதீங்க. அதுதான் வழி."

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு தினம் இரண்டு வேளை அவள் அந்த நாலு நாற்றத்தையும் மோந்தாள். ரோஜாதான் எல்லாவற்றிலும் மோசம்.

"உமையாள் ஆச்சி போன் பண்ணாக" என்று கொல்லை வாசலில் வந்து நின்றார் அழகப்பன். "ரெண்டாவது மகளுக்கும் முடிவாயிருச்சாம். அதே மாப்பிள்ளைக்குப் பங்காளி வீட்டுப் பையன். பலகாரம் உன்கிட்டதானாம்."

"என்கிட்டயா?"

"ஆமா. ஆனா ஒண்ணு சொன்னாக. போன தடவை நடந்ததால மாப்பிள்ளை வீட்டுல முகம் சுளிக்கிறாகளாம். அதனால டப்பா திறக்குறப்ப நீயே வந்து நிக்கணுமாம். அன்னைக்கு வேலைக்காரி செஞ்ச கோளாறு, இப்ப அவ இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லி, ஒவ்வொரு டப்பாவா மோந்து பாத்துக் குடுக்கணுமாம். நாளைக்குக் காலையில நேர்ல வர்றாக." அவர் சிரித்தார். "பேரு திரும்பி வந்துருச்சு பாத்தியா?"

தேனம்மை டம்ளரைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். ஒரு வார்த்தை. அவ இல்லை என்று ஒரு வார்த்தை. முதல் தடவை அந்தப் பொய் வாயிலிருந்து நழுவி விழுந்தது. இப்போது அதைக் கையில் எடுத்து, துடைத்து, சபையில் வைக்கச் சொல்கிறார்கள்.

"கோவிலூர் வரைக்கும் போயிட்டு வர்றேன்" என்றாள்.

ஏறியது கல்லல் பஸ்ஸில்.

பக்கத்து சீட்டுப் பெண்ணின் தலையில் இருந்த பூ சீழ் மாதிரி நாறியது. ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்துக்கொண்டே போனாள். இறங்கி விசாரித்ததில், வள்ளிக்கண்ணு பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் உள்ள கோழிக்கடையில் வேலை செய்வதாகச் சொன்னார்கள்.

இடுப்பில் உரச்சாக்கைக் கட்டிக்கொண்டு, வெந்நீர் அண்டாவில் முக்கி எடுத்த கோழியின் இறகைப் பிய்த்துக்கொண்டிருந்தாள் வள்ளிக்கண்ணு. பக்கத்தில் ஒரு நீல டிரம்மில் குடலும் தலையும் கால்களும். ஈ மொய்த்தது. கறி வாங்க நின்ற இரண்டு பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தார்கள்.

நிமிர்ந்து பார்த்த வள்ளிக்கண்ணுவின் கை நிற்கவில்லை. "வாங்க ஆச்சி. கறி எடுக்க இம்புட்டுத் தூரமா? காரைக்குடியில கோழியெல்லாம் செத்துப் போச்சா?"

"உன்னைப் பாக்கத்தான் வந்தேன்."

"பாத்துட்டீகள்ல? அங்குட்டுத் தள்ளி நில்லுங்க. சேலையில ரத்தம் தெறிக்கும்."

தேனம்மை தள்ளி நிற்கவில்லை. ஒரு விநோதம் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. உலகம் முழுதும் நாறுகிற அவளுக்கு இந்த இடம் மட்டும் நாறவில்லை. வெந்நீர் ஆவியின் வெம்மை மட்டும் முகத்தில் பட்டது. ரோஜா நாறுகிறது, இது நாறவில்லை. தன் மூக்கை நினைக்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அந்த இரண்டு பெண்களும் போகிறவரை காத்திருந்து வள்ளிக்கண்ணு கேட்டாள். "உங்களுக்கு நாறலையா?"

"இல்லை. எனக்கு மூக்கு போயிருச்சு, வள்ளிக்கண்ணு. போன வருசம் காய்ச்சல்ல."

"அது எனக்குத் தெரியும்."

"எப்படி?" என்றாள் தேனம்மை.

"எள்ளு கருகிப் புகையுது, நீங்க குனிஞ்சு மோந்துட்டு நல்ல பதம்னு சொன்னீக. அன்னைக்கே தெரியும்." கோழியைத் திருப்பிப் போட்டாள். "அப்புறம் எத்தனை தடவை நான் மாத்தி வச்சேன்னு உங்களுக்குத் தெரியுமா? புளிச்ச மாவைக் கொட்டிட்டு வேற அரைச்சேன். காறுன தேங்காயை எடுத்துப் போட்டேன். ஆச்சிக்குச் சங்கடமா இருக்கும்னு வாயைத் திறக்கலை."

ஐந்து மாதம் ஒரு குறையும் வராதது யாருடைய கெட்டிக்காரத்தனம் என்று தேனம்மைக்குத் தெரிந்தது. அப்போதும் அவள் வாயிலிருந்து வந்தது என்ன? "அப்ப அன்னைக்கு மட்டும் எல்லாரும் இருக்கையில ஏன் சொன்னே? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்ல?"

சொல்லி முடிப்பதற்குள் தன்மீதே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது. இங்கே வந்து நின்றும் குற்றத்தில் பாதியை அவள் தலையில் வைக்கத்தான் நாக்கு புரள்கிறது.

வள்ளிக்கண்ணு கோபப்படவில்லை. கணக்குச் சொல்லிக் கொடுப்பவள்போலச் சொன்னாள். "நாப்பது டப்பா ஆச்சி. நெய்யை ஊத்திட்டா அப்புறம் எதை மாத்தி வைக்கிறது?"

"தப்பு என் மேலதான். மன்னிச்சிரு."

"மன்னிப்பை வாங்கி நான் தாளிக்கவா போறேன்?" வள்ளிக்கண்ணு கையை உதறினாள். ஈர இறகுகள் தரையில் ஒட்டின. "காரைக்குடி பூரா என் பேரைச் சொன்னீக. இப்ப இந்தக் கூண்டுக்கிட்ட வந்து மெதுவாச் சொன்னா யாருக்குக் கேக்கும்? கோழிக்கா?"

கூண்டுக்குள் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன.

"திரும்ப வேலைக்கு வர்றியா?"

"அதை இப்பக் கேக்காதீக." டிரம்மில் குடலை வீசினாள். "சோறு திங்கக் கையை வாய்க்கிட்ட கொண்டுபோனா இந்த நாத்தம். எத்தனை சோப்பு போட்டாலும் போக மாட்டேங்குது. என் மகன் பக்கத்துல படுக்க மாட்டேங்கிறான். உங்களுக்கு நாறலைங்கிறீக. குடுத்து வச்சவுகதான். போயிட்டு வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மறுநாள் காலை பத்து மணிக்கு உமையாள் ஆச்சி காரில் வந்து இறங்கினார். கூடவே சீதை ஆச்சி. முற்றத்தை ஒட்டிய வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்ததும் உமையாள் ஆச்சி பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இந்தத் தடவை நெய் நானே உருக்கித் தர்றேன் தேனம்மை. வெண்ணெய் காளையார்கோவில் பக்கம் ஒரு வீட்டுல சொல்லி வச்சிருக்கேன். இது மாதிரிக்கு. மோந்து பாரு."

"அன்னைக்கு அந்தப் பொம்பளை சொல்றப்பவே நான் நெனச்சேன்" என்றார் சீதை ஆச்சி. "தான் பழைய நெய்யை ஊத்தப் போறதை மறைக்கத்தான் முந்திக்கிட்டுப் பேசிருக்கா. என்னா சாமர்த்தியம்!"

"அவளுக நெஞ்சு பூரா அதுதானே" என்றார் உமையாள் ஆச்சி.

அழகப்பன் தலையை ஆட்டிக்கொண்டு, "தேனம்மை வந்து நிப்பா ஆச்சி, நீங்க கவலைப்படாதீக" என்றார்.

மூன்று பேரும் நல்லவர்கள். உமையாள் ஆச்சி வருஷா வருஷம் படிக்கிற பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்கிறவர். அவர் தலையில் வைத்திருந்த மல்லிகைப் பூ, போட்டிருந்த சந்தனப் பவுடர், எல்லாம் சேர்ந்து தேனம்மையின் தொண்டையில் ஏறியது. ஆனால் அவளைக் குமட்ட வைத்தது அது இல்லை. இத்தனை நாற்றத்துக்கு நடுவில் உட்கார்ந்து மூவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அதைச் சமைத்துப் பரிமாறியவள் அவள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. நாறுதேன்னு விட்டுடாதீங்க.

"ஆச்சி, எனக்கு மூக்கு இல்லை" என்றாள்.

"என்னது?"

"போன வருசக் காய்ச்சல்ல போயிருச்சு. அன்னைக்கு நெய் கெட்டது எனக்குத் தெரியலை. வள்ளிக்கண்ணு சொன்னா. சீதை ஆச்சி இருந்தாக, அவுக முன்னாடி தலை குனியக் கூடாதுன்னு மோந்து பாத்த மாதிரி நடிச்சேன். ஊத்தச் சொன்னது நான். அப்புறம் உங்ககிட்டப் பொய் சொன்னேன். அவ மேல ஒண்ணுமில்லை."

குரல் நடுங்கவில்லை. அதுவே அவளுக்கு வியப்பாக இருந்தது.

அழகப்பனின் முகம் செத்துப்போயிற்று. சீதை ஆச்சி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். உமையாள் ஆச்சி நெய் டப்பாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு, "இத்தனை நாள் யார்கிட்டயும் சொல்லலையா நீ? என் மூத்தவ மாமியார் அந்த உருண்டையைச் சொல்லிச் சொல்லிக் குத்திக்கிட்டு இருக்காக" என்றார்.

"யார்கிட்டயும் சொல்லலை. இவுககிட்டகூட."

"இப்ப என்ன செய்யப் போறே?"

"செய்யச் சொன்னா செய்றேன். ஆனா இனிமே எங்க வீட்டுல வேலை செய்றவுக எல்லாரும் தின்னு பாத்துச் சொன்ன பெறகுதான் டப்பாவைக் கட்டுவேன்."

"எச்சிலையா சபைக்கு அனுப்பப் போறே?" என்று பதறினார் சீதை ஆச்சி.

"தின்னு பாக்க ஒரு தட்டுல தனியா எடுத்து வச்சா எச்சில் எப்படியாகும் ஆச்சி? இத்தனை வருசம் ஒருத்தி மூக்கை நம்பித்தானே துப்ப வேண்டியதாச்சு."

உமையாள் ஆச்சி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார். கோபம் போய், காரியம் பார்க்கிற முகம் வந்திருந்தது.

"சரி. நீ சொன்னது இந்த நாலு பேரோட இருக்கட்டும். மூக்கு இல்லைங்கிறது யாருக்குத் தெரியப் போகுது? வேலைக்காரிதான்னு சொல்லித்தான் அவுக வாயை நான் அடைச்சு வச்சிருக்கேன். இப்ப மாத்திச் சொன்னா என் மூத்தவ நிலைமை என்ன? சின்னவ நிலைமை என்ன? நீ புதுசா ஒண்ணும் செய்ய வேணாம். வந்து நில்லு. டப்பாவைத் திற. குனிஞ்சு மோந்து பாக்குற மாதிரி பாரு. கும்முனு இருக்குன்னு சொல்லு. அவ பேரைக்கூட எடுக்க வேணாம், போ. எப்பவும் செய்யிறதுதானே?"

"செஞ்சிரு தேனு" என்றார் அழகப்பன், கெஞ்சலாக.

உமையாள் ஆச்சி நெய் டப்பாவின் மூடியைத் திறந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "எங்க, இப்ப ஒரு தடவை செஞ்சு காட்டு."

நெய் பொன்னிறமாக, மணல் மணலாக உறைந்திருந்தது. கண்ணுக்கு நல்ல நெய். மூக்குக்கு அழுகல். இரண்டில் எது உண்மை என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தவள் கல்லலில் கோழி உரித்துக்கொண்டிருக்கிறாள். கழுத்து பழக்கத்தில் தானாகக் குனியப் பார்த்தது. இமைகள்கூடப் பாதி இறங்கிவிட்டன.

தேனம்மை நிமிர்ந்துகொண்டாள். மேஜையிலிருந்த மூடியை எடுத்து டப்பாவின்மேல் வைத்து, விளிம்பு சரியாகப் பொருந்துகிறவரை அழுத்தினாள்.

"இல்லை ஆச்சி" என்றாள். "நான் மோந்து பாக்கலை."